அப்பாவுக்குப் பிடிக்காது

காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். யாரும் கழுவச் சொல்லவில்லை. சென்னியப்பன், என் மகனுக்கு மாமனார், வந்ததும் வராததுமாகக் குளியலறைக்குள் போய் முழங்கால்வரை தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டால் விரலிடுக்கு விரலிடுக்காகத் துடைத்து, சோபாவின் நடுவில் அமர்ந்து இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறார். காலையில் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுவிட்டு முதல் போணிக்குக் காத்திருக்கிற மாதிரி. நூல் கமிஷன் கடை வைத்திருந்த மனுஷன், வேறு எப்படி உட்காரத் தெரியும். பேத்தி இன்னும் கொஞ்ச நேரத்தில் விமான நிலையத்துக்குக் கிளம்புகிறாள். ஸ்வீடன். ஐந்து வருஷ ஆராய்ச்சிப் படிப்பு. கிளம்புமுன் பெரியவர்கள் காலில் விழுவாள், அதற்குத்தான் அந்தப் பாதங்கள் தயாராகியிருக்கின்றன. நான் பால்கனிக் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறேன். குடிநீர்க் குழாய் உடைந்த செய்தியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எந்த ஊர்க் குழாய் என்று கேட்டால் சொல்ல முடியாது. என் காலில் விழமாட்டாள். விழக்கூடாது. நான் சொல்லி வளர்த்த வீடு இது. மனிதன் காலில் மனிதன் விழக்கூடாது என்று மில் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தியவன் நான், எனக்கு எதற்கு. எண்பத்தொரு வயது. நெஞ்சுக்குள் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். ஐந்து வருஷம் கழித்து அவள் திரும்பி வரும்போது இந்த நாற்காலியில் யார் இருப்பார்கள் என்று டாக்டரைக் கேட்கத் தேவையில்லை. அவளை நான் பார்ப்பது இதுதான் கடைசி, அது எனக்குத் தெரியும், அந்தக் கழுவிய கால்களுக்கும் தெரியும் போலிருக்கிறது.

"சம்மந்தி, ஏனுங்க ஓரமாவே உக்காந்துட்டீங்க? இப்படி வாங்க, எம்பக்கத்துல." கூப்பிடுகிறார். "இங்க காத்து நல்லா வருதுங்க" என்கிறேன். "ஏசி ஓடுதுங்க சம்மந்தி, நீங்க கதவத் தொறந்து வெச்சிருக்கறதால அது பாவம் ஊருக்கே காத்து வீசிட்டிருக்குது." விசாலா சிரிக்கிறாள், என் மருமகள், அவருடைய மகள். என் மகனும் சிரிக்கிறான். நான் சொன்னால் இந்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை, தலையாட்டுகிறார்கள். கதவைச் சாத்துகிறேன். இதுதான் இந்த மனுஷனிடம் எனக்குத் தாங்காதது. சண்டைக்கு வரமாட்டேன் என்கிறார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எகத்தாளமாகச் சொல்லியிருந்தால் இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை தடவை அவரை மேடையில் ஏற்றி இறக்கியிருப்பேன். தாலியில்லாத கல்யாணம்தான் என்று நான் மீசையை முறுக்கியபோது, "உங்க பையன் கல்யாணம், நீங்க சொல்ற மாதிரியே பண்ணிக்கலாங்க" என்றார். மாலை மாற்றி, உறுதிமொழி படித்து, நான் ஒரு மணிநேரம் பேசினேன். முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டவர் அவர் ஒருத்தர்தான், என் தோழர்களே பாதியில் பந்திக்குப் போய்விட்டார்கள். மறுநாள் விடியுமுன் ஏதோ மலைக்கோயிலில் தாலி கட்ட வைத்துவிட்டார். எனக்குத் தெரிய ஏழு மாதம் ஆயிற்று. கேட்டேன். "உங்களுக்கும் மனசு நிறையோணும், எங்களுக்கும் நிறையோணுமில்லீங்களா" என்றார். என்னிடம் நாலு பக்கத்துக்குப் பதில் இருந்தது, அச்சடிக்கவும் ஆள் இருந்தது, ஆனால் அந்த மனுஷன் சொல்லிவிட்டு எனக்கு இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பாதங்களைப் பார்க்கிறேன். பேப்பரைக் கொஞ்சம் இறக்கினால் தெரிகிறது. வெண்ணெய் மாதிரி இருக்கின்றன. நகம் வெட்டி, வெடிப்பில்லாமல், குதிகால்கூட ரோஸ் நிறம். திண்டில் சாய்ந்து ஐம்பது வருஷம் மடக்கி உட்கார்ந்திருந்த பாதங்கள். எங்கே நடந்தன? கடையிலிருந்து வீடு, வீட்டிலிருந்து கோயில். என் காலைப் பார். மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இடது பெருவிரல் கோணிக்கொண்டு அடுத்த விரல்மேல் ஏறியிருக்கும், போலீஸ்காரன் பூட்ஸால் மிதித்தது, மில் கதவடைப்பு நடந்த வருஷம். வெடிப்பில் ஒரு ரூபாய்க் காசை நிறுத்தலாம். மறியலுக்குச் செருப்பில்லாமல் நடந்த கால், ஜெயிலில் ஈரத் தரையில் தூங்கிய கால், இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடைப் படியில் முதல் ஆளாக ஏறி மிதித்த கால். கும்பிடுவதென்றால் இதையல்லவா கும்பிட வேண்டும். இப்படி நினைத்ததும் எனக்கே முகம் சுடுகிறது. என்ன புத்தி இது. யாரும் பார்க்கவில்லை, பேப்பர் இருக்கிறது. கும்பிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, கும்பிடுவதென்றால் என்றுதான் நினைத்தேன், அது வேறு. ஒரு பேச்சுக்கு. நியாயத்துக்கு. கும்பிடுகிறதுதான் கும்பிடுகிறார்கள், தகுதி பார்த்தாவது கும்பிடலாமே என்கிற ஒரு நியாயம்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குப் பள்ளிக்கூடம் மில் வாசலில் கொடுத்த நோட்டீஸ்தான். சிவப்பு மையில், மஞ்சள் தாளில், கையில் ஒட்டும் மசியில், நாலு பக்கம், எட்டு பக்கம். அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன், பிறகு நானே எழுதினேன். குடும்பம் என்பது அடிமைகளை உற்பத்தி செய்யும் முதல் பட்டறை என்று எழுதியவன் நான். அப்பன் காலில் விழப் பழகுகிறவன்தான் நாளைக்கு முதலாளி காலிலும் விழுவான் என்று எழுதினேன். இன்றைக்கும் ஒரு எழுத்தை மாற்றமாட்டேன். இப்போது சென்னியப்பன் எழுதுகிறார். செல்போனில். தினமும் விடியற்காலையில் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒன்று போடுகிறார், கூட்டுக் குடும்பத்தின் பெருமை, பெரியோரை வணங்குவதால் முதுகுத்தண்டுக்குக் கிடைக்கும் பத்து நன்மைகள், வெளிநாட்டுக்காரன் நம் குடும்ப முறையைப் பார்த்து வாயைப் பிளக்கிறான் என்று. அத்தனையும் யாரோ எழுதியது, இவருடைய சரக்கு ஒரு வரி கிடையாது. உடனே கும்பிடுகிற கைப்படங்களாக வந்து குவிகின்றன. நான் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டித் தட்டி மறுப்பு எழுதுகிறேன். இந்தக் குடும்ப முறையில் எத்தனை பெண்கள் கிணற்றில் விழுந்தார்கள், எத்தனை மருமகள்களுக்கு மிச்சச் சோறு, அதற்கு எந்த வெளிநாட்டுக்காரன் வாயைப் பிளந்தான் என்று ஆதாரத்தோடு எழுதுகிறேன். என் மகன் ஒரு கட்டைவிரல் படம் போடுவான். ஒன்றே ஒன்று. செம்பரிதி என்று பெயர் வைத்தேன் அவனுக்கு, ஆபீஸில் அவனைப் பரி என்று கூப்பிடுகிறார்களாம், குதிரை. அந்தக் கட்டைவிரல் பொறுப்பாக வரும், ஒரு நாள் தவறாது. அவன் என்னை மதிக்கிறான். அதில் குறை சொல்ல முடியாது. அவன் என்னை மதிக்கிற மதிப்பில்தான் நான் செத்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் ஆறாவது படிக்கையில் பள்ளி ஆண்டு விழா. பரிசு வாங்குகிற பிள்ளைகள் எல்லாம் தலைமை விருந்தினர் காலில் விழ வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். இவன் விழவில்லை. பரிசை வாங்கிக்கொண்டு கை கொடுத்துவிட்டு இறங்கி வந்திருக்கிறான். பின்கட்டில் வைத்து உள்ளங்கையில் பிரம்பால் அடித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கையைக் காட்டினான், அழவில்லை. நான் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு காலனியைச் சுற்றி வந்தேன். மறுநாளே நோட்டீஸ் அடித்தேன், அவன் பெயரைப் போட்டு. தெருவில் அவனே நின்று விநியோகித்தான், வீங்கின கையோடு. அன்றைக்குப் பிடித்துக்கொண்டான். இன்றுவரை விடவில்லை. அவன் கல்யாணத்தில் விசாலா வழக்கம்போல என்னை நோக்கிக் குனியப்போனாள், அவள் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டான். "அப்பாவுக்குப் பிடிக்காது." அதிலிருந்து அதுவே எனக்குக் காவல். பொங்கலுக்கு, பிறந்தநாளுக்கு, புது வேலைக்கு, யார் யாரோ வருவார்கள், சொந்தக்காரப் பிள்ளைகள், ஒவ்வொரு காலாக விழுந்துகொண்டு வரிசையாக வருவார்கள், என் நாற்காலி வந்ததும் இவன் நடுவில் புகுந்துவிடுவான். அப்பாவுக்குப் பிடிக்காது. கரண்டு பெட்டியில் எழுதியிருக்கிறதே, தொடாதே, அபாயம், அந்த மாதிரி. பிள்ளைகள் வெலவெலத்து ஒரு வணக்கம் போட்டுவிட்டு அடுத்த காலுக்குப் போய்விடுவார்கள். சில சமயம் எனக்குத் தோன்றுவதுண்டு, இவன் ஒரு தடவையாவது மறந்தால் என்ன. பாத்ரூமில் இருக்கக்கூடாதா. போன் வரக்கூடாதா. யாராவது ஒரு அசட்டுப் பிள்ளை தெரியாமல் வந்து விழுந்தால் நான் "அட எழுந்திரு, இதெல்லாம் எதற்கு" என்று சொல்லலாமே. வேண்டாம் என்று சொல்வதற்காவது ஒருத்தர் விழ வேண்டாமா. சென்னியப்பனுக்கு அந்தச் சங்கடமே கிடையாது. விழுகிறார்கள், தொடுகிறார், எழுகிறார்கள்.

தண்ணீர் குடிக்க எழுந்து உள்ளே போகிறேன். தாகமில்லை, அந்தப் பாதங்களைப் பார்த்தது போதும். சமையலறை வாசலில் நின்றுவிடுகிறேன். குளிர்சாதனப் பெட்டிக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவில் கிடக்கிற சின்ன இடத்தில் என் பேத்தி நிறைமதி மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்திருக்கிறாள். தெய்வானையின் காலில். என் மனைவியின் காலில். தெய்வானை ஒரு கையில் சட்னிக் கரண்டியோடு இன்னொரு கையை அவள் உச்சந்தலையில் வைத்திருக்கிறாள். அவசரமில்லாமல், புதிதில்லாமல், தினமும் பால் காய்ச்சுகிற மாதிரி. "நல்லாயிரு சாமி" என்கிறாள். சாமி. என் வீட்டில். மதி எழுந்து என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாரி தோழர்" என்று சொல்லிப் பக்கவாட்டில் நழுவி ஓடிவிடுகிறாள். தோழர். மூன்று வயதில் நான்தான் பழக்கினேன், தாத்தா என்று கூப்பிடக்கூடாது, இந்த வீட்டில் எல்லோரும் சமம் என்று. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள், அவளும் பிடித்துக்கொண்டாள், மற்றவர்களுக்கு எல்லாம் உறவு, எனக்கு மட்டும் கட்சிப் பெயர். அம்மாவைப் பெற்ற சென்னியப்பனைப் பார்த்து அவள் "அப்புச்சீ" என்று கடைசியில் இழுக்கும்போது அந்த இழுப்பில் ஒரு மடி இருக்கிறது. தோழரை எப்படி இழுப்பது.

"எப்பருந்து இது?" தெய்வானையைக் கேட்கிறேன். கரண்டியைக் கழுவிக்கொண்டே சொல்கிறாள், "பத்தாவது பரீட்சைல இருந்து. ஒவ்வொரு பரீட்சைக்கும். இன்டர்வியூவுக்கு. உங்களுக்குப் புடிக்காதேன்னு இங்க சமயக்கட்டுல." பத்து வருஷத்துக்கு மேல். நான் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல." "சொன்னா நோட்டீசு அடிச்சிருப்பீங்க." சிரிக்கவும் இல்லை அவள். அடித்திருப்பேன். என்னோடு மறியலுக்கு வந்தவள் இவள், கைக்குழந்தையோடு வேனில் ஏறியவள். கல்யாணமான புதிதில் பெயரை மாற்றிக்கொள் என்றேன், தெய்வானை என்ன பெயர், தென்மொழி என்று வைத்துக்கொள் என்றேன். "எங்கப்பன் கூப்பிட்ட பேரு, நீங்க வேணும்னா ரெண்டு தடவ மாத்திக்குங்க" என்றாள். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். "நீ நம்பறயா இதையெல்லாம்?" என்று கேட்கிறேன். "எதை?" "கால்ல விழுந்தா நல்லாருப்பாங்கன்னு." "அதெல்லாம் யாருக்குத் தெரியும். புள்ள குனிஞ்சா தலையில கை வைக்கலாம். வளந்த புள்ளய வேற எப்பத் தொடறது?" சொல்லிவிட்டு என்னைத் தாண்டிக்கொண்டு முன்னறைக்குப் போகிறாள். சட்னி வாசம். தண்ணீர் குடிக்கவில்லை நான். சென்னியப்பன் எதிரி, சரி. இவள் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு இத்தனை வருஷம் ரகசியமாகச் சொத்து சேர்த்த மாதிரியல்லவா சேர்த்திருக்கிறாள். எத்தனை பரீட்சை. எத்தனை தடவை அந்தக் கை அந்தத் தலைமேல். என் கையைப் பார்க்கிறேன். இது என்ன செய்தது. குலுக்கியது. பாஸானதற்குக் குலுக்கியது, வேலை கிடைத்ததற்குக் குலுக்கியது. உயர்த்தி முழக்கமிட்டது. முழக்கத்துக்கு உயர்த்தின கை இறங்கி வரும்போது எதன்மேலும் வைக்கப் பழகவில்லை.

வளர்ந்த பிள்ளையை வேறு எப்போது தொடுவது. நாற்காலிக்குத் திரும்பி வந்து பேப்பரை எடுத்துக்கொண்ட பிறகும் இது போகமாட்டேன் என்கிறது. வாதமே இல்லை அது. ஓர் அடிமைத்தனத்துக்குச் சாக்கு. தொட வேண்டுமென்றால் கட்டிக்கொள்ளலாமே, தோளில் தட்டலாமே, அதற்கு ஒருத்தர் தரையில் விழுந்துதான் ஆக வேண்டுமா. சரியான கேள்வி. கூட்டத்தில் கேட்டால் கைதட்டுவார்கள். ஆனால் நான் அவளைக் கட்டிக்கொண்டேனா? எட்டு வயதுவரை தூக்கினேன். அதற்கப்புறம் அவள் பெரிய பெண், நான் தோழர், நடுவில் ஒரு கை நீளத்துக்கு இடம். அந்த ஒரு கை நீளத்தை மற்றவர்கள் எல்லோரும் காலில் விழுவது என்கிற ஏமாற்று வேலையில் சுலபமாகக் கடந்துகொண்டிருக்கிறார்கள். மூடநம்பிக்கையில் குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். எங்கள் நோட்டீஸ்களில் அதற்கு மாற்று வழி எழுதாமல் விட்டுவிட்டோமோ? இல்லை. எழுதியிருப்போம். ஏதாவது ஒரு இதழில் இருக்கும். சென்னியப்பனுக்கு அவள் தலை எப்படி இருக்கும் என்று தெரியும். முடி சொரசொரப்பா, வழவழப்பா, உச்சி சூடா. எனக்குத் தெரியாது. இதுதானா இத்தனை நேரமாக அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது? கால் இல்லையா? கை மேலா பொறாமை? பொறாமை இல்லை. அந்தச் சொல் தப்பு. சொத்தில்லாதவன் சொத்துக்காரனைப் பார்ப்பது பொறாமையா, உரிமை உணர்வு என்றல்லவா நாங்கள் சொல்லிக்கொடுத்தோம்.

"டாக்ஸி கீழ வந்துருச்சு" என்று செம்பரிதி சொல்கிறான். எல்லோரும் எழுந்துகொள்கிறார்கள், சென்னியப்பன் மட்டும் எழவில்லை. விசாலா ஒரு தட்டோடு வருகிறாள், திருநீறு, மஞ்சள் அரிசி. என்னைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கொஞ்சம் மறைத்துப் பிடிக்கிறாள். "பிடி, பிடி, ஒளிக்காத" என்கிறேன், தாராளமாக இருப்பது மாதிரி. மதி வருகிறாள். ஜீன்ஸ், பூட்ஸ், முதுகில் பை. பையைக் கழற்றி வைத்துவிட்டு அப்புச்சி காலடியில் விழுகிறாள். அவர் குனிந்து இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்துக்கொள்கிறார். வாய் என்னவோ முணுமுணுக்கிறது, பிறகு முணுமுணுப்பு நின்றுவிடுகிறது, கை மட்டும் இருக்கிறது. அரிசியை அள்ளித் தூவுகிறார். இந்த மனுஷனுக்கும் எழுபத்தொன்பது. இவருக்கும் இது கடைசி. அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது, உறைத்தும் மனது இரங்கவில்லை, சீக்கிரம் கையை எடய்யா என்கிறது. எடுக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்க பனி பெய்யுமாமே சாமி, தலைக்குத் தண்ணி ஊத்துனா நல்லாத் தொவட்டிக்க" என்கிறார். "அங்க எல்லாம் ஹீட்டர் இருக்கு அப்புச்சீ." "ஈட்டர் தலயத் தொவட்டுமா?" விசாலாவின் காலில் விழுகிறாள். செம்பரிதி அவளை விழ விடாமல் இழுத்துக் கட்டிக்கொள்கிறான், இரண்டு பேரும் அழுகிறார்கள். "எனக்கு ஆச்சு" என்று தெய்வானை சுவரோரம் நின்றபடி சொல்கிறாள், என்னைப் பார்க்காமல்.

என் நாற்காலி. எழுந்து நிற்கிறேன், முழங்காலில் சத்தம் கேட்கிறது. அவள் என் முன்னால் நிற்கிறாள், என்னைவிட ஒரு சாண் உயரம். கால்கள் ஒருமாதிரித் தயங்குகின்றன அவளுக்கு, முழங்கால் லேசாக மடிகிறது, நான் பார்த்தேன், மடிந்தது, அதற்குள் செம்பரிதி ஈரமான முகத்தோடு குறுக்கே வந்துவிட்டான். "மதி. அப்பாவுக்குப் பிடிக்காது. கையக் குடு." நிமிர்ந்துகொள்கிறாள். கை கொடுக்கிறாள். "வர்றேன் தோழர். ஒடம்பப் பாத்துக்கங்க. வாட்ஸப்ல சண்ட போடாதீங்க." உறுதியான கை, நான் கற்றுக்கொடுத்த பிடி, ஒரு குலுக்கு, இரண்டு குலுக்கு. நன்றாக வளர்த்திருக்கிறேன். யாருக்கும் குனியாமல் பனியில் போய் நிற்பாள். விட்டுவிடுவாள் இப்போது. விரல் தளர்கிறது. நான் விடவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள்.

"குனி" என்கிறேன்.

என் வாய்தான் சொன்னது. என் வாழ்க்கையில் எந்த மனிதனையும் பார்த்துச் சொல்லாத சொல். செம்பரிதி, "என்னப்பா?" என்கிறான், ஏதோ உடைந்த மாதிரி. சென்னியப்பன் சோபாவிலிருந்து எட்டிப் பார்க்கிறார். காது மடல் கொதிக்கிறது எனக்கு. "தலையில" என்கிறேன், "தலையெல்லாம் அரிசி. ஏர்போர்ட்டுல பாத்தாச் சிரிப்பாங்க. எல்லாம் உங்க அப்புச்சி பண்ற வேலை. குனி, எடுக்கறேன்." "ஓ" என்கிறாள் மதி. தலையைத் தாழ்த்துகிறாள், என் நெஞ்சுவரை. கை போகிறது. ஒன்றை எடுக்கிறேன், அவர் போட்டது, தரையில் எறிகிறேன். இன்னொன்று, வகிட்டில். இன்னொன்று, காதுக்குப் பின்னால் மயிருக்குள் இறங்கிவிட்டது, விரலால் துழாவி எடுக்கிறேன். ஒன்று விடாமல், அவர் போட்டதில் ஒன்றுகூட அந்த ஊருக்குப் போகக்கூடாது. உச்சி சூடாகத்தான் இருக்கிறது. முடி நான் நினைத்ததைவிட மெல்லிசு, குழந்தையில் இருந்த அதே மெல்லிசு. பொறுமையாகத் தேடுகிறேன். கீழே டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

"போச்சா தோழர்?"

"இரு. இன்னும் ஒண்ணு இருக்குது" என்கிறேன்.

தலையில் ஒன்றுமே இல்லை. உள்ளங்கை முழுவதையும் வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன்.